சகோதரியாகலாமா என்று யோசிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

அருட்சகோதரியாக வாழக் கடவுள் தம்மை அழைக்கிறாரோ என்று எண்ணத் தொடங்கிய பெண்கள் முதல் சந்திப்பில் கேட்கும் கேள்விகளும், கேட்கத் தயங்கித் தயங்கி மூன்றாவது சந்திப்பில் கேட்கும் கேள்விகளும் இங்கே உள்ளன. பின்னவையே பெரும்பாலும் கனமானவை. அவற்றுக்குக் கூடுதல் இடம் தந்திருக்கிறேன். ஒரு கத்தோலிக்கத் துறவற சபையில் சில ஆண்டுகள் இறையழைத்தல் பணியைக் கவனித்தவள் என்பதால் சில பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும்.

அழைத்தல் இருக்கிறது என்று உறுதியான பிறகுதானே ஒரு சபையை அணுக வேண்டும்?

தேவையில்லை. இப்படி நினைத்துக்கொண்டு ஐந்தாறு ஆண்டுகள் தனியே தமக்குள் வழக்காடிக் களைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சபைகளில் உள்ள உருவாக்கப் படிகள் எல்லாமே உறுதியில்லாதவர் உறுதிக்கு வருவதற்காக அமைந்தவை. அது மட்டுமல்லாமல், இதில் தேர்ந்து தெளிய வேண்டியவர்கள் இரு தரப்பினர்: நீங்களும் சபையும். உங்கள் பங்கை ஓரளவு வீட்டிலிருந்தே செய்யலாம். அவர்கள் தங்கள் பங்கைச் செய்ய உங்களை நேரில் அறிந்தாக வேண்டும்.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய மட ஒழுங்கின் 58ஆம் அதிகாரத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். புதிதாக வருபவரை எளிதில் உள்ளே விட்டுவிட வேண்டாம், நான்கைந்து நாள் வாசலில் நின்று தட்டட்டும் என்று கண்டிப்பாகத் தொடங்குகிற அந்த அதிகாரம், உள்ளே வந்தவருக்கு இரண்டு மாதம் கழித்து ஒழுங்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, கடைப்பிடிக்க முடிந்தால் இருக்கலாம், முடியாவிட்டால் தடையின்றிப் போகலாம் என்று சொல்லச் சொல்கிறது. பிறகு ஆறு மாதம் கழித்து ஒருமுறை, அதன்பின் நான்கு மாதம் கழித்து இன்னொருமுறை அதே வாசிப்பு நடக்கும். கூட்டிப் பார்த்தால் 12 மாதம். இன்றைய திருச்சபைச் சட்டம் நவதுறவுக்கு, அதாவது துறவற வாழ்வின் முதல் பயிற்சிக் காலத்துக்கு, விதிக்கும் குறைந்தபட்சக் காலமும் அதே 12 மாதம்தான்.

எனக்குக் கனவோ காட்சியோ குரலோ எதுவும் வரவில்லை. அப்படியானால் அழைத்தல் இல்லையா?

பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் வருவதில்லை. குரல் வந்த சிறுவன் சாமுவேலே அதை மூன்று முறை ஏலியின் குரல் என்று எண்ணி எழுந்து ஓடினான். அனுபவம் மிக்க குருவான ஏலிக்கும் மூன்றாம் முறைதான் விளங்கியது. வழக்கமாக வருவது ஓர் எண்ணம் மட்டுமே. விரட்டினால் போய்விடும், சில மாதம் கழித்து அலட்டாமல் திரும்பி வரும். தோழியின் திருமணத்தில் அவளுக்காக மனமார மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே, ‘என் வழி வேறு’ என்று எந்தக் கசப்பும் இல்லாமல் உள்ளே தோன்றியதாக ஒருவர் சொன்னார். அது போன்றவற்றை நான் காட்சிகளைவிட அதிகமாக மதிக்கிறேன்.

நெருங்கியவரின் இறப்பு, முறிந்த காதல், தேர்வில் தோல்வி போன்ற அதிர்ச்சி ஒன்றுக்குப் பின் ஓரிரு மாதத்தில் எழும் தீர்மானத்தை மட்டும் உடனே நம்பிவிட வேண்டாம். அது பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையானதாக இருந்தால் ஓராண்டு காத்திருந்தாலும் அது அப்படியே இருக்கும்.

ஒருநாள் போக வேண்டும் என்று மனம் துடிக்கிறது. மறுநாள் வேண்டவே வேண்டாம் என்கிறது. எந்த நாளை நம்புவது?

இந்தக் கேள்விக்குத் திருச்சபையில் மிக நுணுக்கமாகப் பதில் சொன்னவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டால் கால் நொறுங்கி, வீட்டில் படுக்கையில் கிடந்தபோது அவர் கேட்டவை வீரதீரக் கதைகள்; வீட்டில் கிடைத்தவையோ கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறும். ஒரு சீமாட்டிக்குப் பணிசெய்வதாக மணிக்கணக்கில் கற்பனை செய்வார். எருசலேமுக்கு வெறுங்காலோடு நடப்பதாகவும் கற்பனை செய்வார். நினைக்கும் நேரத்தில் இரண்டுமே இனித்தன. முடிந்த பிறகுதான் வேறுபாடு தெரிந்தது: முதல் கற்பனை மனத்தை வறட்சியாக விட்டுச் சென்றது, இரண்டாவது நெடுநேரம் மகிழ்ச்சியை விட்டுச் சென்றது.

ஆகவே எண்ணம் எழும் நேரத்து உணர்வைவிட அது அடங்கிய பின் எஞ்சுவதைக் கவனியுங்கள். உறங்குவதற்கு முன் ஒரு சிறு குறிப்பேட்டில் இரண்டே வரி எழுதி வையுங்கள்: இன்று செபத்தில் என்ன வந்தது, அது போன பின் என்ன எஞ்சியது. மூன்று மாதம் கழித்து முதல் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள்; நாளுக்கு நாள் மாறுவதாகத் தோன்றியதன் அடியில் ஒரு சாய்வு இருப்பது தெரியும். மனம் இருண்டு, செபம் கசந்து, எல்லாம் வீண் என்று தோன்றும் நாளில், தெளிவான நாளில் எடுத்த முடிவை மாற்றவே கூடாது என்பது இஞ்ஞாசியார் அழுத்திச் சொன்ன விதி. இன்னொரு வழியும் சொன்னார். நீங்கள் முன்பின் அறியாத ஒருவர், உங்கள் நிலையில் இருப்பவர், உங்களிடம் ஆலோசனை கேட்டு வந்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு என்ன சொல்வீர்களோ அதை நீங்களே செய்யுங்கள். நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சாக்குகளை அடுத்தவருக்குச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

எனக்குத் திருமணத்தின் மீதும் குழந்தைகளின் மீதும் ஆசை இருக்கிறது. இதை வெளியே சொல்லலாமா?

சொல்லுங்கள். அந்த ஆசையே இல்லை என்று ஒருவர் சாதித்தால்தான் நான் சற்றுக் கவலைப்படுவேன். கற்பு வார்த்தைப்பாடு, அதாவது மணம் செய்யாமல் வாழ்வதாகக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு, விரும்பத்தக்க ஒன்றைக் காணிக்கையாகக் கொடுப்பது. வெறுத்த ஒன்றைக் கொடுப்பதில் காணிக்கை எதுவும் இல்லை. ஆண்கள் மீதான அச்சத்தாலோ, இல்லறப் பொறுப்பு பற்றிய கலக்கத்தாலோ மடத்தை நாடுபவருக்கு முதலில் தேவைப்படுவது வேறு வகை உதவி.

இப்போது ஒருவரை நேசிக்கிறீர்கள் என்றால், உங்கள் தேடலை அவரிடம் மறைக்காதீர்கள். மடம் சரிவராவிட்டால் இருக்கட்டும் என்று ஒரு மனிதரைக் காத்திருப்பில் வைப்பது அவருக்கு இழைக்கும் அநீதி.

சபைகள் ஏராளம். எதை அணுகுவது?

முதலில் ஒரு பெரும் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். அடைபட்ட மடங்களில் வாழும் ஆழ்நிலைத் தியானத் துறவியர் — கார்மேல், கிளாரா மடத்தினர் போன்றோர் — செபத்தையே முழுநேரப் பணியாகக் கொண்டவர்கள். அவர்கள் மடத்தை விட்டு வெளியே வருவது அரிது. பணிவாழ்வுச் சபையினர் செபத்தோடு பள்ளி, மருத்துவமனை, சமூகப்பணி, பங்குப்பணி முதலியவற்றில் ஈடுபடுவர். ‘எனக்குக் கற்பிக்கப் பிடிக்கும், ஆகவே கல்விச் சபை’ என்று கணக்குப் போடுவது போதாது. பணி மாறும், முதுமையில் பணியே இல்லாமலும் போகும். சபையின் தனிவரம், அதாவது நிறுவியவருக்குக் கடவுள் தந்த அந்தக் குறிப்பிட்ட பார்வை, கடைசிவரை உடன் வரும். அந்தப் பார்வை உங்களைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

ஒரே நேரத்தில் பத்துச் சபைகளுக்கு மடல் அனுப்பி விலை விசாரிப்பதைப்போல விசாரிப்பதால் குழப்பமே மிஞ்சும். இரண்டு அல்லது மூன்று போதும். போய்ப் பார்க்கும்போது முதிய சகோதரிகளை எப்படிக் கவனிக்கிறார்கள் என்பதையும், அவ்விடத்தில் இல்லாத ஒரு சகோதரியைப் பற்றி மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். எந்தக் கையேடும் இதைச் சொல்லித் தராது.

முதல் மடலில் என்ன எழுத வேண்டும்?

பெயர், வயது, படிப்பு அல்லது வேலை, எப்போதிலிருந்து இந்த எண்ணம் வருகிறது, இந்தச் சபையைப் பற்றி எப்படி அறிந்தீர்கள் — ஒரு பக்கம் போதும். பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் செய்யும் பாவ அறிக்கையில்) சொல்ல வேண்டியவற்றை முன்பின் தெரியாதவருக்கு எழுத வேண்டாம். மடல் எழுதுவதால் நீங்கள் எதற்கும் கட்டுப்படுவதில்லை.

‘வந்து பாருங்கள்’ நாள்களில் என்ன நடக்கும்?

யோவான் நற்செய்தியில் ‘நீர் எங்கே தங்கியிருக்கிறீர்?’ என்று கேட்ட இரு சீடருக்கு இயேசு சொன்ன பதிலே இதற்குப் பெயராயிற்று. இரண்டு மூன்று நாள் சகோதரிகளோடு தங்கி, அவர்களுடைய நேர ஒழுங்கின்படி வாழ்வதுதான் நிகழ்ச்சி. வருபவர்கள் ஆழ்ந்த அமைதியில் மூழ்கிய ஓர் இல்லத்தை எதிர்பார்த்து வருகிறார்கள். விடியற்காலைச் செபத்தில் அவர்கள் கேட்பது ஒருவரின் இருமல், திருப்பாடலை எப்போதும் அரைச் சொல் முந்தித் தொடங்கும் மூத்த சகோதரி ஒருவரின் குரல், அவரை ஒட்டியே தங்கள் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் மற்றவர்கள். இரவு உணவுக்குப் பின் தட்டுகளைக் கழுவும் இடத்தில் ஒருவர் கழுவ, ஒருவர் துடைக்க, அன்று நடந்த ஏதோ ஒன்றுக்கு எல்லாரும் வயிறு நோகச் சிரிப்பார்கள்; அடுத்த மணி அடித்ததும் பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். கோவிலில் கிடைக்கும் அமைதியைவிட அந்தத் தொட்டியருகே நிற்கும் கால் மணி நேரம் உங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும். இவர்களோடு நாற்பது ஆண்டுகள் தட்டுக் கழுவ முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

வயது வரம்பு உண்டா?

சட்டப்படி நவதுறவில் சேர 17 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் வார்த்தைப்பாட்டுக்கு 18, வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21. லிசியே நகர் புனித தெரேசா 1888இல் தம் 15ஆம் வயதில் கார்மேல் மடத்தில் நுழைந்ததை எடுத்துக்காட்டாகச் சொல்லி வருபவர்கள் உண்டு. அவருக்கும் அது எளிதில் கிடைக்கவில்லை, திருத்தந்தை 13ஆம் லியோவின் முன் மண்டியிட்டுக் கேட்கும் அளவுக்குப் போக வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலான சபைகள் சட்டம் சொல்வதைவிடச் சில ஆண்டுகள் கூடுதலான முதிர்ச்சியையே விரும்புகின்றன. அதுவே சரி என்பது என் எண்ணம். படிப்பை முடித்து, கொஞ்ச காலம் வேலைபார்த்து, சொந்தச் சம்பளத்தைக் கையில் வாங்கியவருக்கு ஏழ்மை வார்த்தைப்பாடு எதைக் கேட்கிறது என்பது தெரியும்.

மேல் வரம்பைச் சட்டம் விதிக்கவில்லை, சபைகள் தாமே வகுத்துக்கொள்கின்றன. மெய்யியலாளரான எடித் ஸ்டைன் 1922 சனவரி 1இல் திருமுழுக்குப் பெற்றவுடனேயே கார்மேலில் சேர விரும்பினார். அவருக்கு ஆன்மீக ஆலோசனை தந்தவர்கள் பொறுத்திருக்கச் சொன்னார்கள். 11 ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியப் பணியிலும் சொற்பொழிவிலும் கழித்து, 1933 அக்டோபரில் 42 வயதில் கொலோன் நகர மடத்தில் நுழைந்தார். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களைச் சில ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லும் வழக்கம் இன்றும் பல சபைகளில் உள்ளது. அதைப் புறக்கணிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சட்டப்படி யாரெல்லாம் சேர முடியாது?

திருமணப் பந்தம் நீடிக்கும் ஒருவரை நவதுறவில் சேர்த்தால் அந்தச் சேர்க்கை செல்லாது. சிவில் நீதிமன்றத்தில் பெற்ற மணமுறிவு இதற்குப் போதாது. அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று திருச்சபை நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்க வேண்டும். கைம்பெண்களுக்குத் தடை இல்லை: புனித ஜேன் பிரான்சிஸ் தே ஷந்தால் நான்கு பிள்ளைகளின் தாய், கணவரை இழந்தவர், 1610இல் புனித பிரான்சிஸ் சலேசியாரோடு சேர்ந்து மினவுதல் சபையை நிறுவினார். வேறொரு துறவற சபையோடு வார்த்தைப்பாட்டால் பிணைக்கப்பட்டவரும், முன்பு ஒரு சபையில் உறுப்பினராயிருந்ததை மறைப்பவரும், வற்புறுத்தல், பேரச்சம், ஏமாற்று இவற்றால் நுழைபவரும் செல்லுபடியாகச் சேர முடியாது. அடைக்க வழியில்லாத கடன் உள்ளவர் அதைத் தீர்த்துவிட்டு வர வேண்டும். கல்விக் கடனும் இதில் அடங்கும்.

மன அழுத்தத்துக்கு மருந்து எடுத்திருக்கிறேன். அதோடு முடிந்துவிட்டதா?

முடியவில்லை. உடல்நலம், ஏற்ற இயல்பு, போதிய முதிர்ச்சி இவற்றைச் சபை பார்க்க வேண்டும் என்பது சட்டம், ஆனால் நோய்களின் பட்டியல் எதையும் அது தரவில்லை. சிகிச்சை பெற்று, தம் நிலையை அறிந்து, உதவி தேவைப்படும்போது கேட்கக் கற்றவர் பல வேளைகளில் எதையும் சந்திக்காதவரைவிடத் திடமானவர். பல சபைகள் உளவியல் மதிப்பீடு ஒன்றைக் கேட்கும். அது உங்கள் இசைவோடுதான் நடக்க வேண்டும். யார் அறிக்கையைப் பார்ப்பார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மறைக்க மட்டும் செய்யாதீர்கள்.

நுழைந்த நாளிலிருந்து நித்திய வார்த்தைப்பாடுவரை எத்தனை ஆண்டுகள்?

பணிவாழ்வுச் சபைகளில் பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். முதற்கட்டத்தில் நீங்கள் ‘ஆஸ்பிரண்ட்’. சபையோடு பழகும் காலம், சில சபைகளில் வீட்டிலிருந்தபடியே. அடுத்து ‘போஸ்டுலண்ட்’, சகோதரிகளோடு வாழ்ந்து, செபத்தையும் குழு வாழ்வையும் கற்கும் காலம். இவற்றின் நீளம் சபைக்குச் சபை மாறும். மூன்றாவதான நவதுறவுதான் உள்ளபடியே துறவற வாழ்வின் தொடக்கம். இதன் 12 மாதம் நவதுறவு இல்லத்திலேயே கழிய வேண்டும். மொத்தமாக மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நவதுறவே செல்லாது. பல சபைகள் இரண்டாம் ஆண்டையும் சேர்க்கின்றன, இரண்டு ஆண்டுக்கு மேல் நீட்டும்படி வகுக்கக் கூடாது. ஐயம் நீடித்தால் ஆறு மாதம் வரை கூட்டலாம்.

பிறகு முதல் வார்த்தைப்பாடு. இதுவும் நிரந்தரமானதன்று. மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை தற்காலிக வார்த்தைப்பாட்டில் வாழ்ந்த பின்னரே நித்திய வார்த்தைப்பாடு வரும். தேவையானால் தற்காலிகக் காலத்தை மொத்தம் ஒன்பது ஆண்டு வரை நீட்டலாம். அடைபட்ட மடங்களில் காலம் இன்னும் நீளம்: 2018இல் திருப்பீடம் (திருத்தந்தையின் வத்திக்கான் நிர்வாகம்) வெளியிட்ட நெறிமுறை தொடக்க உருவாக்கத்துக்கு ஒன்பது ஆண்டுக்குக் குறையாமலும் பன்னிரண்டுக்கு மிகாமலும் விதித்திருக்கிறது.

இவ்வளவு நீளமா என்று பெற்றோர்கள் முகம் சுளிப்பார்கள். கட்டாயப்படுத்துவார்களோ என்று அஞ்சும் அதே பெற்றோருக்கு இந்த நீளத்தையே நான் காட்டுவேன். ஒவ்வொரு படியிலும் நீங்களே எழுத்தில் கேட்க வேண்டும்; சபையும் அவையில் முடிவெடுத்து ஏற்க வேண்டும். யாரும் தூக்கத்தில் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு வந்து சேர முடியாது.

கீழ்ப்படிதல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. சொந்த அறிவை அடகு வைக்க வேண்டுமா?

ஏழ்மையும் கற்பும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடினமாகத் தோன்றும். உள்ளே இருப்பவர்களில் பலர் கடினமானது கீழ்ப்படிதலே என்பார்கள். முதல் ஆண்டில் அது பெரிய தியாகமாக வராது. நீங்கள் நன்றாகச் செய்யும் ஒரு வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, தைக்கத் தெரியாத உங்களைத் தையலறைக்கு அனுப்புவார்கள். பழகிய ஊரை விட்டு, நண்பர்களை விட்டு, புதிய மாற்றலுக்குப் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள்.

அறிவை அடகு வைக்கும்படி திருச்சபை கேட்பதில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவற வாழ்வின் புதுப்பித்தல் பற்றி வெளியிட்ட ஆணை, தலைமையில் இருப்போர் உறுப்பினர்களுக்கு மனமாரச் செவிகொடுக்க வேண்டும் என்கிறது. முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடமே இருக்கும். ஆகவே உங்கள் கருத்தைத் தெளிவாக, ஒருமுறைக்கு இருமுறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். வாய் திறக்காமல் தலையாட்டிவிட்டு மூலையில் முணுமுணுப்பவரைவிட, நேரில் மறுத்துப் பேசிவிட்டு மனத்தோடு செய்பவரே நன்றாகக் கீழ்ப்படிகிறார். பாவமானதைச் செய்யச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

என் சேமிப்பும் குடும்பச் சொத்தில் என் பங்கும் என்னாகும்?

முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன், உங்கள் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை நீங்கள் விரும்பும் ஒருவரிடம் ஒப்படைக்கிறீர்கள்; உரிமை பெரும்பாலான சபைகளில் உங்களிடமே இருக்கும். குறைந்தது நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னாவது, நாட்டுச் சட்டப்படியும் செல்லும் உயில் எழுத வேண்டும். முதல் வார்த்தைப்பாட்டுக்குப் பின் உங்கள் உழைப்பால் வருவது சபைக்குச் சேரும். உங்களுக்கு வேண்டியதைச் சபை தரும். போஸ்டுலண்டாக இருக்கும்போதே எல்லாவற்றையும் சபைக்கு எழுதிவைக்கச் சொன்னால், கையெழுத்துப் போடாமல் வெளியே வந்து ஒரு விவரமறிந்தவரிடம் பேசுங்கள்.

பெற்றோர் சம்மதிக்கவில்லை. மீறிப் போகலாமா?

வயது வந்தவர்களின் வாழ்க்கை நிலையைத் தேர்வதில் யாரும் வற்புறுத்தக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம் எல்லா நம்பிக்கையாளருக்கும் தரும் உரிமை. போகாதே என்று கட்டிப்போடுவதற்கும் போ என்று தள்ளுவதற்கும் அது ஒருசேரப் பொருந்தும். பிள்ளைகளில் ஒருத்தியைக் கோவிலுக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்ட தாயின் மகள் ஒருவர் ஒருமுறை வந்தார். அவரிடம் தாயின் ஆசை நிறைய இருந்தது, தம் ஆசை எதுவும் இல்லை. அவரைத் திருப்பி அனுப்புவதே சரியென்று பட்டது.

எதிர்க்கும் பெற்றோரின் எதிர்ப்பில் ஞானமும் இருக்கலாம். உங்களைக் குழந்தையிலிருந்து அறிந்தவர்கள் அவர்கள். ‘நீ ஒன்றிலும் நிலைத்ததில்லையே’ என்று தந்தை சொன்னால், அது கோபப்பேச்சா உண்மையா என்று உட்கார்ந்து யோசியுங்கள். நோயுற்ற பெற்றோருக்கு நீங்கள் ஒருவரே ஆதரவு என்றால் அந்தக் கடமைக்கு வழிசெய்யாமல் வர முடியாது. மற்றபடி, அவர்களையும் ஒருநாள் மடத்துக்கு அழைத்து வாருங்கள். மகளை இழந்துவிடுவோம் என்ற அச்சம், சகோதரிகளோடு சேர்ந்து ஒருவேளை உணவருந்திய பின் பாதியாகக் குறைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கார்மேல் துறவியான புனித அவிலா தெரேசாவின் தந்தை தாம் உயிரோடு இருக்கும்வரை இசைய மாட்டேன் என்றவர். பின்னாளில் மகளிடமே செபிக்கக் கற்றுக்கொண்டார்.

ஒரு சபையில் ஏதோ சரியில்லை என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

விரைவுதான் முதல் அறிகுறி. முதல் சந்திப்பிலேயே ‘உனக்கு அழைத்தல் இருக்கிறது, கடவுள் எனக்குக் காட்டினார்’ என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். மறுத்தால் உன் ஆன்மாவுக்குக் கேடு என்று அச்சுறுத்துவது, வீட்டாரிடமும் பழைய ஆன்மீக வழிகாட்டியிடமும் பேசக் கூடாது என்பது, வெளியேறியவர்களின் பெயரை உச்சரிக்கவும் தடை விதிப்பது இவையும் அப்படியே. குறிப்பாக ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உள்மனத்தைத் திறந்து காட்டும்படி உறுப்பினரை எவ்வகையிலும் தூண்டக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே தலைவியரைத் தடுக்கிறது. நம்பிக்கையோடு நீங்களாகச் சொல்வது வேறு. யாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது, யாரிடம் ஆன்மீக ஆலோசனை பெறுவது என்பதில் உங்களுக்குரிய சுதந்திரம் மதிக்கப்பட வேண்டும். சபை ஆயரின் அல்லது திருப்பீடத்தின் ஏற்புப் பெற்றதா என்பதை மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டாலே தெரிந்துவிடும். கேட்பதில் வெட்கம் இல்லை.

செபத்தில் எனக்கு எதுவுமே தோன்றவில்லை என்றால்?

அன்னை தெரேசா 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் ரயிலில் ‘அழைத்தலுக்குள் அழைத்தல்’ பெற்றதை எல்லாரும் அறிவர். அதன்பின் தம் பணி முளைவிட்ட நாள்களிலிருந்தே செபத்தில் இருளையும் வெறுமையையும் பல பத்தாண்டுகள் அவர் சுமந்தார் என்பது, இறந்த பிறகு அவருடைய கடிதங்கள் வெளியானபோதே உலகுக்குத் தெரிந்தது. வறட்சி அழைத்தலின்மைக்குச் சான்றாகாது. ஆனால் புதிதாகத் தேடுபவர், அதை அன்னையின் இருளோடு ஒப்பிடுவதற்கு முன், போதுமான அளவு உறங்குகிறோமா, கைப்பேசியை எந்நேரம் அணைக்கிறோம் என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

சேர்ந்தபின் வெளியே வந்துவிட்டால்? ஊர் என்ன சொல்லும்?

ஏதாவது சொல்லும். நவதுறவி எந்த நாளிலும் தடையின்றிப் போகலாம். தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடியும்போது புதுப்பிக்காமல் போகலாம். நடுவில் போகத் தக்க காரணம் இருந்தால் தலைமை அன்னையிடம் அனுமதி கேட்கலாம். நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிறகே அது பெரும் விஷயமாகி, திருப்பீடம் வரை, மறைமாவட்டச் சபையானால் ஆயர் வரை போகிறது. செய்த வேலைக்கு ஊதியம் கோர முடியாது. எனினும் வெளியேறுபவரிடம் நேர்மையோடும் அன்போடும் நடக்கச் சபை கடமைப்பட்டது.

லிசியே தெரேசாவின் அக்கா லெயோனி மார்ட்டினை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ‘கடினமான பிள்ளை’ என்று பெயரெடுத்தவர். 1886இல் கிளாரா மடத்தில் சேர்ந்து சில வாரங்களில் திரும்பினார். 1887இல் பிரான்சின் கான் (Caen) நகர மினவுதல் மடத்தில் சேர்ந்து சில மாதங்களில் திரும்பினார். 1893இல் மறுபடியும் அங்கே போய் 1895இல் திரும்பினார். உடன்பிறந்த சகோதரிகள் எல்லாரும் கார்மேலில் நிலைத்துவிட்டபோது, இவர் மூன்று முறை பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றவர். தெரேசா இறந்து ஓராண்டுக்குச் சற்று மேலான பின், 1899இல், நான்காம் முறையாக நுழைந்தார். 1941இல் இறக்கும்வரை அந்த மடத்திலேயே இருந்தார். அவரைப் புனிதராக்கும் நடவடிக்கை இன்று நடந்துகொண்டிருக்கிறது.

சபையே என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

வலிக்கும். காரணம் கேளுங்கள், சொல்லக் கூடியதைச் சொல்வார்கள். லெயோனியின் பெற்றோர் இருவருமே இப்படி மறுக்கப்பட்டவர்கள்தான். தாய் செலி, பிறரன்புப் புதல்வியர் சபையில் சேரக் கேட்டபோது, அது கடவுளின் விருப்பமன்று என்று தலைவி சொல்லிவிட்டார். தந்தை லூயி, ஆல்ப்ஸ் மலையிலுள்ள பெரிய புனித பெர்நார்து மடத்தில் கேட்டபோது முதலில் இலத்தீன் படித்து வரச் சொன்னார்கள்; படிப்பு கைகூடவில்லை. 1858இல் மணம் செய்துகொண்ட இவர்களின் ஐந்து புதல்வியரும் துறவிகள் ஆயினர். இருவரும் 2015இல் சேர்ந்தே புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர். ஒரு சபையின் மறுப்பு எல்லாச் சபைகளின் மறுப்பும் அன்று என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

விண்ணப்பம் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று எப்படி அறிவது?

அச்சம் முழுவதும் போய்விட்டதா என்று பார்க்காதீர்கள், போகாது. உங்களை நன்கறிந்த ஆன்மீக வழிகாட்டி இசைகிறாரா, சபையின் பொறுப்புச் சகோதரி அடுத்த படிக்கு அழைக்கிறாரா, குறிப்பேட்டின் வரிகள் சில மாதங்களாக ஒரே பக்கம் சாய்கின்றனவா, வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரமும் உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நான்குக்கும் ஆம் என்றால் எழுதிவிடலாம். திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ்களும், திருமணத்தால் கட்டுப்படாதவர் என்பதற்கான சான்றும் தேவைப்படும். திருமுழுக்குப் பெற்ற பங்கு வேறு ஊரில் இருந்தால் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். பழைய பதிவேடுகளில் தேடி அனுப்ப அவர்களுக்குச் சில வாரங்கள் ஆகலாம்.